சத்தமும் சக்தியும்

சென்ற மாதம் ஒரு நாள் காலை, நாம் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்த சமயத்தில், எதிர் வீட்டு அம்மாள் வாசற்படியில் வந்து நின்றார். அவருடைய கணவர் தபால் இலாகாவில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதத்துக்கு முன்னால் அவருக்கு இருதயத்தில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அவருக்கு இரவில் நல்ல தூக்கம் அபூர்வம் என்பது தெருவில் எல்லோரும் அறிந்த சமாசாரம்.

அந்த அம்மாள் சாதாரணமாக உரக்கப் பேசுகிறவர். அன்று குரலைத் தாழ்த்திக் கொண்டு, "ஸார், தப்பாக நினைத்துக் கொள்ளக் கூடாது. தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த மோட்டார் சைக்கிள் தெருவில் நுழையும்போது வெடி வெடிக்கிற மாதிரி கேட்கிறது. நேற்று இவர் திடுக்கிட்டு எழுந்து, இருட்டில் கட்டில் காலில் தடுக்கி விழுந்து விட்டார். கை வீங்கியிருக்கிறது," என்றார்.

"இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை, அம்மா?"

"வாத்தியார் வீட்டுப் பிள்ளை ஆச்சே! எப்படிச் சொல்வது என்று இருந்து விட்டோம்."

இருபத்திரண்டு வருஷம் உபாத்தியாயத் தொழில் பார்த்து நாம் சம்பாதித்த மரியாதையானது, ஒரு நோயாளியின் வீட்டார் வாய் திறக்காமல் இருப்பதற்குத்தான் பயன்பட்டிருக்கிறது! அன்று வகுப்பில் நமக்குப் பாடம் ஓடவில்லை.

மேற்படி 'தம்பி' நம் சகோதரியின் குமாரன். கோயமுத்தூரில் நம் வீட்டில் தங்கி எஞ்சினீயரிங் கல்லூரியில் படிக்கிறான். இனி அவனைச் சிரஞ்சீவி என்றே குறிப்பிடுவோம். ஒரு வருஷத்துக்கு முன்பு 350 ஸி.ஸி. மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினான். பிறகு, "சர்வீஸ் செலவு இருக்கிறது, மாமா," என்று சொல்லி நம்மிடம் ரூ. 5,000 பெற்றுக் கொண்டான். அந்தச் சர்வீஸ் எத்தகையது என்பது இப்போதுதான் வெளியாயிற்று. நம் பணத்தையும் அவன் தாயாரின் பணத்தையும் சேர்த்து மொத்தம் ரூ. 38,000 செலவில், காற்று வடிகட்டி, சைலென்ஸர், யந்திரத்தின் கம்ப்யூட்டரில் எழுதியிருந்த கணக்கு ஆகிய மூன்றையும் மாற்றியிருந்தான். ஆகவே, போஸ்ட்மாஸ்டர் விழுந்ததில் நமக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக் கொள்ள வேண்டியதுதான்.

அன்று மாலை சிரஞ்சீவியைக் கூப்பிட்டு விசாரித்தோம்.

"மாமா, கம்பெனியிலிருந்து வருகிறபடியே விட்டால் வண்டிக்கு மூச்சுத் திணறும். காற்று உள்ளே போகிற வழியையும் புகை வெளியே வருகிற வழியையும் திறந்து விட்டேன். அதற்குத் தகுந்தாற்போல் கம்ப்யூட்டரையும் மாற்றியாயிற்று. இப்போது பவர் எவ்வளவு தெரியுமா?"

"தெரியாது. எவ்வளவு?"

சிரஞ்சீவி சற்று யோசித்தான். "அதுதான் கேட்டாலே தெரிகிறதே, மாமா!" என்றான்.

"காதுக்குத் தெரிகிறது, வாஸ்தவம். அளந்து பார்த்தாயா?"

அளந்து பார்க்கவில்லை. ஆனால் பையன் சொன்னது முழுவதும் பிதற்றல் என்று தள்ளிவிடவும் முடியாது. அதில் பாதி உண்மை இருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டாத நேயர்களும் இந்த விஷயத்தைத் தெரிந்து கொள்வது நல்லது. ஏனெனில், பிள்ளைகள் பணம் கேட்பது அவர்களிடந்தானே?

மோட்டார் சைக்கிள் யந்திரம் நான்கு காரியங்களை ஓயாமல் செய்து கொண்டிருக்கிறது. காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுகிறது, அழுத்துகிறது, பொறி வைத்து எரிக்கிறது, எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிவதற்கு 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். இக்காலத்தில் பெட்ரோலுடன் எதனால் என்னும் சாராயமும் கலக்கிறார்கள். தனி எதனாலுக்கு 9 பங்கு காற்றே போதும். ஆனபடியால் கலவை பெட்ரோலுக்குக் கணக்கு சற்றே மாறும். வண்டியை முழு வேகத்தில் விரட்டும்போது 12.5 அல்லது 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று சிறிது தாராளமாகக் கொடுத்தால்தான் நல்ல சக்தி கிடைக்கும். யந்திரமும் அளவுக்கு மேல் சூடாகாது. பெட்ரோல் குறைந்தால் உஷ்ணம் ஏறி, கலவை காலம் தப்பி எரிந்து, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் ஆபத்து வரும். பெட்ரோல் அதிகமானால் கரி பிடிக்கும். சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் பசையைப் பெட்ரோல் கழுவி விடும். பணமும் புகையாய்ப் போகும்.

முன் காலத்தில் இந்த விகிதத்தைக் கார்புரேட்டர் என்னும் கருவி சிறு துவாரங்களாலும் ஓர் ஊசியாலும் ஒருவாறு சமாளித்து வந்தது. 2020-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி அமுலுக்கு வந்ததும், பெரும்பாலான புது வண்டிகளில் அதன் இடத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துக் கொண்டது. கையடக்கமான ஒரு பெட்டிதான். காற்றின் அழுத்தம், உஷ்ணம், யந்திரத்தின் சூடு, கைப்பிடியை எவ்வளவு திருகியிருக்கிறோம் என்பது, யந்திரம் சுற்றுகிற வேகம் ஆகிய எல்லாவற்றையும் அது கவனிக்கிறது. யந்திரம் நிமிஷத்துக்கு 6,000 முறை சுற்றும்போது, ஒரு சிலிண்டரில் வினாடிக்கு 50 தடவை எரிப்பு நடக்கிறது. அந்த ஐம்பது தடவையும் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், எந்தக் கணத்தில் பொறி வைக்க வேண்டும் என்பதை அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கிறது.

எப்படித் தீர்மானிக்கிறது? அதனுள்ளே ஒரு பெரிய வாய்ப்பாடு எழுதி வைத்திருக்கிறார்கள். இன்ன வேகம், இன்ன அளவு திறப்பு என்றால் இத்தனை மில்லி செகண்டு பெட்ரோல் என்று கட்டம் கட்டமாக இருக்கும். புகைக் குழாயில் பொருத்திய ஆக்ஸிஜன் உணர்வி ஒன்று, மூக்கால் மோந்து பார்ப்பது போல், கலவை சரியாக எரிந்ததா என்று சொல்லிக் கொண்டிருக்கும். நிதானமாகப் போகும்போது அதன் சொல்லைக் கேட்டுப் பெட்டி தன்னைத் திருத்திக் கொள்ளும். ஆனால் கைப்பிடியை முழுவதும் திருகிவிட்டால், சாதாரணமாக அந்த மூக்கை நம்புவதில்லை; வாய்ப்பாடு ஒன்றே கதி.

ஆகையால், காற்று வழியையும் புகை வழியையும் மாற்றுகிறவன் வாய்ப்பாட்டையும் மாற்றத்தான் வேண்டும். இது சிரஞ்சீவிக்குத் தெரிந்திருந்தது. அதற்காக அவனை மெச்சுவோம். ஆனால் வாய்ப்பாட்டை எழுதியது யார்? ஒருவர் மடிக் கம்ப்யூட்டருடன் வந்து, ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். இந்த வண்டியை அவர் அளக்கவில்லை. ஓட்டிக் கூடப் பார்க்கவில்லை. வேறு ஒரு வண்டிக்கு, வேறு ஒரு சைலென்ஸருக்கு யாரோ தயாரித்த வாய்ப்பாட்டை இதில் ஏற்றிவிட்டார். அண்டை வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக் கொண்டு, "எனக்கும் கண் தெரிகிறது" என்று சொல்லிக் கொள்வது போலத்தான்!

மறுநாள் சனிக்கிழமை. நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் செட்டிபாளையம் போகும் வழியில் பட்டறை வைத்திருக்கிறார். பந்தய மோட்டார் சைக்கிள்களைத் தயார் செய்வது அவர் தொழில். பந்தயக் கார்களை நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய கரிவரதனின் பெயர் தாங்கிய பந்தயப் பாதை அங்கேதான் இருக்கிறது. சிரஞ்சீவியையும் அவனுடைய வாகனத்தையும் அந்தப் பட்டறைக்கு அழைத்துச் சென்றோம்.

பட்டறையில் டைனமோமீட்டர் என்னும் அளவைக் கருவி இருந்தது. வண்டியின் பின் சக்கரத்தை ஒரு கனமான உருளையின் மேல் நிறுத்தி ஓட்டினால், சக்கரம் உருளையைச் சுழற்றுகிற வேகத்திலிருந்து யந்திரத்தின் சக்தியைக் கணக்கிட்டுக் கோடு வரைந்து காட்டும். அதே ரகத்தைச் சேர்ந்த, யாரும் கை வைக்காத வேறொரு வண்டியும் தற்செயலாக அங்கே இருந்தது. முதலில் அதை அளந்தார். பிறகு சிரஞ்சீவியின் வண்டியை அளந்தார். இரண்டு கோடுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்.

உச்ச வேகத்தில் பழைய வண்டி 17 குதிரைச் சக்தி. சிரஞ்சீவியின் வண்டி 18. பையனின் முகம் மலர்ந்தது. "கீழேயும் பார், தம்பி," என்றார் நம் மாணவர். நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்ற இடத்தில் சிரஞ்சீவியின் கோடு மற்றதற்கு ஒரு குதிரைச் சக்தி கீழே கிடந்தது. கலவையின் கோடு இன்னும் மோசம். நிதான வேகத்தில் 11 பங்கு காற்றுக்கே ஒரு பங்கு பெட்ரோலைக் குடித்துக் கொண்டிருந்தது; முழுத் திறப்பில், தாராளமாகக் கொடுக்க வேண்டிய இடத்தில், 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல்தான் கிடைத்தது.

"இப்படியே நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் விரட்டினால் பிஸ்டன் தாங்காது, ஸார்," என்றார் மாணவர்.

சிரஞ்சீவிக்கு அப்போதுதான் முகம் வெளுத்தது. மறு வாரம் சிநேகிதர்களுடன் பெங்களூர் வரை போய்வர அவன் திட்டம் போட்டிருந்தான் என்பது நமக்குப் பிற்பாடு தெரிந்தது.

"புகை வழியைத் திறந்துவிட்டால் சக்தி கூடத்தானே வேண்டும், அண்ணா? கீழ் வேகத்தில் ஏன் குறைகிறது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நம் மாணவர் அதற்குச் சொன்ன பதிலை இங்கே சுருக்கித் தருகிறோம்.

சைலென்ஸர் என்பது வெறும் ஓட்டை அல்ல. நாயனம் மாதிரி அது ஒரு குழல். வால்வு திறக்கும் ஒவ்வொரு தடவையும் குழலுக்குள் ஓர் அழுத்த அலை பாய்கிறது. குழல் விரிவடைகிற இடத்தை அடைந்ததும் அது தாழ்ந்த அழுத்தமாக மாறித் திரும்பி வருகிறது. சரியான கணத்தில் அது திரும்பி வந்தால், சிலிண்டரில் தங்கிய புகையை வெளியே இழுத்து, புதுக் காற்று நிறைய வருவதற்கு உதவி செய்யும். எந்த வேகத்தில் அந்தக் கணம் பொருந்த வேண்டும் என்பதை உத்தேசித்தே குழலின் நீளத்தையும் அகலத்தையும் வகுக்கிறார்கள். தெரு வண்டிக்கு நடு வேகத்தில் இழுப்பு வேண்டும். பந்தய வண்டிக்கு உச்ச வேகத்தில் வேண்டும். ஒன்றின் குழலை மற்றொன்றுக்கு மாட்டினால் ஓரிடத்தில் லாபம், இன்னோரிடத்தில் நஷ்டம். சிரஞ்சீவி தினந்தோறும் போவது காந்திபுரம் நெரிசலில். அங்கே உச்ச வேகத்தில் கிடைக்கும் அந்த ஒரு குதிரைச் சக்தியை எந்த ஜன்மத்தில் அனுபவிப்பான்?

வெடிச் சத்தத்துக்கும் காரணம் விளங்கிற்று. கைப்பிடியை விட்டதும் எரியாமல் போன பெட்ரோல், சூடான குழாயில் காற்றுடன் கலந்து எரிவதுதான் அந்த வெடி. சில பேர் இதை வேண்டுமென்றே உண்டு பண்ணிக் கொள்கிறார்களாம். பொறியைத் தாமதமாக வைத்துப் பெட்ரோலைக் குழாய்க்குள் தள்ளும்படி வாய்ப்பாட்டிலேயே எழுதிக் கொடுக்கிறார்களாம். வால்வு வேகும்; குழாய் வேகும். தீபாவளி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதாது போலிருக்கிறது!

இன்னொரு விஷயம். கம்பெனி பொருத்திய புகைக் குழாய்க்குள் தேன்கூடு போன்ற ஓர் அமைப்பு உண்டு. பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களை அதில் பூசியிருக்கிறார்கள். கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவையும், எரியாத பெட்ரோல் ஆவியையும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவது அதன் வேலை. இதை 'அடைப்பு' என்று சொல்லித்தான் கழற்றி விடுகிறார்கள். காற்று வடிகட்டியின் கதையும் இப்படியே. அதிகக் காற்று விடுகிற வடிகட்டி, சரியாகப் பராமரிக்காவிட்டால், அதிகத் தூசியையும் விடும். நம் ஊர்ச் சாலைப் புழுதி சிலிண்டருக்குள் போனால் உப்புத் தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

கடைசியாக, நம் மாணவர் சத்தத்தையும் அளந்தார். ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் வைத்து அளந்ததில், மற்ற வண்டியை விடச் சிரஞ்சீவியின் வண்டி 10 டெஸிபெல் அதிகம். பத்துத்தானே என்று நினைத்துவிடக் கூடாது. டெஸிபெல் கணக்கு விசித்திரமானது. அதில் 10 கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். ஆக, யந்திரத்தின் சக்தி ஓரிடத்தில் ஒன்று கூடி, இன்னோரிடத்தில் ஒன்று குறைந்தது. சத்தத்தின் சக்தி மட்டும் பத்து மடங்கு பெருகியது. ரூ. 38,000-க்குக் கிடைத்த பலன் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பெற்றோர்கள் அறிந்து வைத்துக் கொள்வது நலம். வாகனத்தைத் தயாரித்தவர் கொடுத்த விவரங்களுக்கு மாறாகத் திருத்தக் கூடாது என்பது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே வருஷத்தில் வந்த திருத்தத்தின்படி, இப்படி மாற்றுகிற சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். சத்த விதியையும் புகை விதியையும் மீறி ஓட்டினால் ரூ. 10,000 வரை அபராதமும் மூன்று மாத லைசென்ஸ் தடையும் வரலாம். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெஸிபெலுக்கு மேல் சத்தம் கூடாது என்பது 2000-ம் வருஷத்து விதி.

ஆனால் அபராதத்தைக் காட்டிப் பையனைப் பயமுறுத்துவது நம் நோக்கமல்ல. யந்திரத்தைத் திறந்து பார்க்க வேண்டும், அதைச் சீர்படுத்த வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அந்த ஆசை இல்லாத தேசம் பிறர் செய்த சரக்கை விலைக்கு வாங்கிக் கொண்டேதான் இருக்க வேண்டும். இதே கோவைச் சீமையில், கலங்கல் என்னும் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளம் பிராயத்தில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகம் கொண்டார். ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த காரியம், அதை அக்கக்காகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பும் எதற்கு என்று கண்டறிந்து, மறுபடியும் பூட்டியதுதான். பிற்காலத்தில் பஸ் கம்பெனி நடத்தி, யந்திரங்கள் பல செய்து, தொழிற் கல்விக்கும் உழைத்த பெரியவருக்கு ஆரம்பப் பள்ளிக்கூடம் அந்த மோட்டார் சைக்கிளே. சிரஞ்சீவியும் அவரைப் போலவே ஆசைப்பட்டான். ஆனால் கழற்றிப் பூட்டிய வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டு, ரசீதை மட்டும் தான் வாங்கிக் கொண்டான்.

இதை அவனிடம் சொன்னோம். அவன் ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பரண் மேல் ஏறிக் கம்பெனியின் பழைய குழாயை இறக்கினான். அடுத்த சனிக்கிழமை பட்டறையில் அவனே ஸ்பானர் பிடித்து அதை மாட்டினான். பழைய வடிகட்டியையும் பொருத்தினான். முதல் வாய்ப்பாட்டின் நகலை யாரும் எடுத்து வைக்கவில்லை. ஆகையால் கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குப் போய்ப் பணம் கட்டி அதைத் திரும்ப எழுதிக் கொள்ள வேண்டியதாயிற்று. புதுக் குழாயை விற்றால் ரூ. 9,000 கிடைக்கும் என்று சிநேகிதன் ஒருவன் சொன்னான். சிரஞ்சீவி இரண்டு நாள் யோசித்தான். "விற்றால் இன்னொரு தெருவில் இன்னொரு போஸ்ட்மாஸ்டர் விழுவார், மாமா," என்று சொல்லி, பந்தயப் பாதையில் மட்டும் ஓடுகிற ஒரு வண்டிக்காக அதை நம் மாணவரிடமே கொடுத்துவிட்டான்.

எதிர் வீட்டுக்கும் போய் வந்தான். போஸ்ட்மாஸ்டர் அவனை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாராம். "நானும் ஆரம்பத்தில் தபால்காரனாக இருந்தவன்தான், தம்பி. என் சைக்கிள் மணி கேட்டால் ஜனங்கள் ஓடி வருவார்கள்; கடிதாசு வந்திருக்கும் என்று தெரியும். உன் வண்டிச் சத்தம் கேட்டபோது என்ன சேதி என்றுதான் எனக்கு விளங்கவில்லை," என்று மட்டும் சொன்னாராம். கையில் வீக்கம் வடிந்துவிட்டது.

இப்போது சனிக்கிழமைதோறும் சிரஞ்சீவி பட்டறைக்குப் போகிறான். ஒரு பழைய பந்தய யந்திரத்துக்கு வாய்ப்பாடு எழுதக் கற்றுக் கொள்கிறான். ஒரு கட்டத்தை மாற்றுவது, ஓட்டுவது, அளப்பது, குறித்துக் கொள்வது, மறுபடியும் மாற்றுவது என்று ஒரு பகல் முழுவதும் போய்விடுகிறதாம். ஐந்து நிமிஷத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்ததை நினைத்து இப்போது அவனே சிரிக்கிறான்.

சென்ற வாரம் நம்மிடம் மறுபடியும் பணம் கேட்டான். சற்றுக் கலக்கத்துடனேயே, "எவ்வளவு?" என்றோம்.

"அறுபது ரூபாய், மாமா. கிராப் நோட்டு வாங்க வேண்டும்."

உடனே எடுத்துக் கொடுத்தோம்.